பீரோ மேல் ஓர் எடுத்துக்காட்டு

எங்கள் அகராதி அலுவலகத்தில் ஒரு விதி உண்டு. கண்ணால் பார்க்காத எதையும் எடுத்துக்காட்டு வாக்கியமாக எழுதக் கூடாது. ஆங்கிலச் சொல்லுக்கு ஒரு கார்டில் தமிழ்ப் பொருள் எழுதி, கீழே ஒரு வாக்கியம் கொடுப்போம் அல்லவா, அதில் நடப்பது எங்களில் ஒருவர் முன்னால் நடந்திருக்க வேண்டும். பார்த்தவர் அந்தக் கார்டின் மூலையில் சாட்சியாகக் கையெழுத்துப் போட வேண்டும். தும்மலுக்காக மிளகுப்பொடி வாங்கினோம். வழுக்கி விழுவதற்காக வராந்தாவில் சோப்புத் தண்ணீர் ஊற்றியதில், ஒருவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஒரு வாரம் லீவில் போனார். பதவி விலகுவதற்கான சொல்லுக்கு மட்டும் இன்றுவரை எடுத்துக்காட்டு கிடையாது. அதற்கு யாரும் முன்வரவில்லை.

நான் அங்கே தற்காலிக உதவியாளர். தற்காலிகம் என்றால் சாட்சிக் கையெழுத்து கிடையாது, எங்கள் கண் கணக்கில் சேராது. நாற்காலியும் கிடையாது. கார்டுகள் அடுக்கிய இழுப்பறைகளுக்குப் பக்கத்தில் ஓர் உயரமான ஸ்டூல் கொடுத்திருந்தார்கள். அதற்கு ஒரு கால் குட்டை. நுனியில் உட்கார்ந்து ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டால்தான் ஆடாமல் இருக்கும். யாராவது இழுப்பறையைத் திறக்க வந்தால் எழுந்து வழிவிட வேண்டும். இப்படி எழுந்தும் உட்கார்ந்துமே என் வருடங்கள் ஓடிவிட்டன.

வீட்டில் மாமியார் விடமாட்டார். "யாராவது கேட்டா நான் என்ன சொல்றது? மருமக வேலை பாக்குறாள்னு சொல்லவா, சும்மா போயிட்டு வர்றாள்னு சொல்லவா?" என்பார். நான் டிபன் டப்பாவை மூடுவேன். அவர் கேட்டதில் தப்பில்லை என்பதுதான் எனக்கு எரிச்சல்.

இந்த முறை ஒரு நிரந்தர இடம் வந்தது. என் ஃபைல் அலுவலகத் தலைவர் மேசைக்குப் போய்ப் பல நாளாகிவிட்டது. அன்று சாயங்காலத்துக்குள் அவர் கையெழுத்துப் போடாவிட்டால் அந்த இடம் காலாவதியாகிவிடும். காலையிலிருந்து அவர் அறை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மதியம் தலைவர் வெளியே வந்தார். கையில் ஃபைல் இல்லை, ஓர் ஆங்கிலப் பத்திரிகை இருந்தது. வாயெல்லாம் பல்.

"பாத்தீங்களா? விழாவுல என்னைப் படம் எடுத்துப் போட்டிருக்கான். உயரமான நாற்காலியில 'பெர்ச்' ஆகியிருந்த தலைவர்னு எழுதியிருக்கான். சாதாரணமா உக்காந்திருந்தார்னு போடல, கவனிச்சீங்களா?"

முதுநிலைப் பதிப்பாசிரியர் தலையைச் சொறிந்தார். எதைச் சொன்னாலும் 'ஆனா' என்று தொடங்குவதால் அவருக்கு 'ஆனா சார்' என்றே பெயர். "ஆனா ஐயா..." என்றார். அதற்கு மேல் வரவில்லை. தலைவர் முன்னால் அவர் வாக்கியம் எதுவும் அதற்கு மேல் போனதில்லை.

எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். ஆங்கிலக்காரன் அந்தச் சொல்லைக் கிளையில் வந்து உட்காரும் குருவிக்குச் சொல்வான். மதில்மேல் இருக்கும் பூனைக்கும், மூக்கு நுனியில் நிற்கும் கண்ணாடிக்கும் சொல்வான். மனிதருக்குச் சொன்னால், எங்கோ உயரத்தில், ஓரமாக, அரைகுறையாக உட்கார்ந்திருக்கிறார் என்று அர்த்தம். அந்த நாற்காலியில் தலைவரின் கால் தரைக்கு எட்டாமல் தொங்கியதைப் படத்தில் நன்றாகவே பார்க்க முடிந்தது.

"நம்ம அகராதியில இதுக்கு 'வீற்றிருத்தல்'னு போடுங்க" என்றார் தலைவர். பிறகு என் பக்கம் திரும்பினார். "நீயே கார்டு எழுதிடும்மா. உன் ஃபைலும் இருக்குல்ல? ரெண்டுலயும் சேர்த்தே கையெழுத்துப் போட்டுடறேன்."

அரசர்கள் அரியணையில் வீற்றிருப்பார்கள், குருவி வீற்றிருக்குமா? இருந்தாலும் எழுதினேன். 'வீற்றிருத்தல்' என்று முத்து முத்தாக எழுதினேன். வெட்கமாக இருந்தது, ஆனால் கை நிற்கவில்லை.

"ஆனா, எடுத்துக்காட்டு?" என்றார் ஆனா சார். "விழாவுக்கு நம்மள்ல யாரும் போகலையே. நேர்ல பாத்தவங்க யாரு?"

தலைவர் கொஞ்சம் யோசித்தார். "அதுக்கென்ன, நானே காட்டுறேன்" என்றார்.

ஹாலின் மூலையில் ஆளுயர இரும்பு பீரோ ஒன்று இருந்தது. ஏணி வந்தது. தலைவர் செருப்பைக் கழற்றினார், உடைந்துவிடுமே என்று கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். மின்விசிறியை நிறுத்தச் சொன்னார். நாலு பேர் ஏணியைப் பிடிக்க, மூச்சு வாங்க ஏறி உட்கார்ந்தார்.

மேலே இடம் போதவில்லை. கூரை இடித்ததால் தலை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. பீரோவின் மேல் பழைய காகிதக் கட்டுகள் இருந்ததால் அவருக்குக் கிடைத்தது விளிம்பு மட்டும்தான். இரண்டு கையாலும் அதை இறுகப் பிடித்திருந்தார். கால்கள் கீழே தொங்கின. அவர் அசைந்தபோதெல்லாம் பீரோ கிறீச்சிட்டது.

"எப்படி இருக்கு?"

"அடடா, வீற்றிருக்கீங்க ஐயா!" என்று ஹால் முழுக்க ஆமாம் சாமி போட்டது. ஒருவர் கையெடுத்துக் கும்பிட்டார்.

"என்ன தெரியுதோ அதை எழுதிக் கொண்டாம்மா" என்றார் மேலிருந்து.

ஒரு கையில் கார்டு, இன்னொரு கையில் என் ஃபைல். அண்ணாந்து பார்த்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், பொய்யை எழுதத்தான் நினைத்தேன். ஆனால் விளிம்பைப் பிடித்திருந்த அந்த விரல்களைப் பார்த்ததும் என்னால் முடியவில்லை. அந்தப் பிடி எனக்கு நன்றாகத் தெரிந்த பிடி. 'வீற்றிருத்தல்' என்பதை அடித்தேன். 'உயரத்தில் ஓரமாகத் தொற்றி உட்கார்தல்' என்று பொருள் எழுதினேன். கீழே, 'தலைவர் பீரோ விளிம்பில் தொற்றி உட்கார்ந்திருக்கிறார்' என்று எழுதினேன். ஆனா சார் படித்துப் பார்த்தார். மூலையில் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்.

ஏணியில் ஏறினேன். வேலை போனால் போகட்டும் என்று ஒரு நெஞ்சும், ஐயோ மாமியார் கேட்பாரே என்று ஒரு நெஞ்சும் அடித்துக்கொண்டன.

"சரியா எழுதியிருக்கியா?"

"பாத்ததை எழுதியிருக்கேன் ஐயா."

அவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு குனிந்தார். பீரோ ஒரு தடவை நன்றாகவே ஆடியது. "சரி சரி, குடு" என்று, ஒரு கையை மட்டும் விடுவித்து, கார்டிலும் ஃபைலிலும் அவசர அவசரமாகக் கையெழுத்துப் போட்டார்.

கீழே இறங்கிக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கார்டைப் படித்தார். முகம் கறுத்துவிட்டது. "யாரு இப்படி எழுதச் சொன்னது? கிழிச்சுப் போடு!"

"ஆனா ஐயா," என்றார் ஆனா சார், "நாங்க எல்லாரும் பாத்தோமே." அவர் ஒரு வாக்கியத்தைத் தலைவர் முன்னால் முடித்தது அன்றுதான். கும்பிட்டவரைத் தலைவர் பார்த்தார். அவர் ஏணியை மடித்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் ஸ்டூல் இருந்த இடத்தில் எனக்கு நாற்காலி வந்தது. கைப்பிடி வைத்தது, சாய்வது, சுழல்வது. வீட்டைவிட்டுக் கிளம்பும்போதே மாமியார் சொல்லியிருந்தார்: "இனிமேலாவது நல்லா சாஞ்சு உக்காரு. உனக்குன்னு குடுத்த இடம்." சொல்லிவிட்டு டிபன் டப்பாவை அவரே மூடிக் கொடுத்தார். எனக்கு அழுகை வந்தது.

மதியம்வரை வேலை பார்த்தேன். நிமிர்ந்தபோது ஆனா சார் ஒரு கார்டோடு எதிரே நின்றிருந்தார்.

"ஆனா, அந்தச் சொல்லுக்கு இன்னொரு எடுத்துக்காட்டு இருந்தா நல்லதுன்னு தோணுச்சு. இப்பத்தான் பாத்தேன். இனி உன் சாட்சியும் செல்லும்ல, சரியான்னு பாத்துட்டுக் கையெழுத்துப் போடும்மா."

'புதிய நாற்காலியின் நுனியில் அவள் தொற்றி உட்கார்ந்திருக்கிறாள்' என்று எழுதியிருந்தது.

குனிந்து பார்த்தேன். என் முதுகுக்குப் பின்னால் முக்கால் நாற்காலி காலியாக இருந்தது. என் ஒரு கால் தரையில் ஊன்றியிருந்தது. பின்னால் தள்ளி உட்காரப் பார்த்தேன். அதற்குள் யாரோ இழுப்பறையைத் திறக்க வந்தார்கள், நான் எழுந்துவிட்டேன்.

அவர் பேனாவை நீட்டினார். நின்றபடியே கையெழுத்துப் போட்டேன்.