மூன்று சாவுக்குப் போகாதவர்

எங்கள் ஊரில் ஒருவன் திருடினாலும் மன்னித்துவிடுவார்கள். சாவு வீட்டுக்கு வராதவனை மன்னிக்க மாட்டார்கள். என் அண்ணன் லுஃபெயோ மூன்று சாவுக்குப் போகவில்லை. அன்று நான்காவது.

இறந்தது எங்கள் ஊர் விஸிகேசியின் மகன். இருபது வயது, இரண்டே நாள் காய்ச்சல். வயதானவர் போனால் கடவுள் அழைத்துக்கொண்டார் என்பார்கள். இளசு போனால் யார் வைத்த சூனியம் என்று தேடுவார்கள். தேடினால், யாரோடும் பேசாமல் வீட்டுக்குள் அடைந்து கிடக்கும் எழுபத்திரண்டு வயதுக்காரர் மீதுதானே கண் போகும்? போன வருடம் ஆற்றுக்கு அக்கரையில் அப்படி ஒரு கிழவரை வீட்டோடு கொளுத்தினார்கள். அந்தப் புகை என் முற்றத்திலிருந்தே தெரிந்தது.

அண்ணன் என்றைக்குமே கலகலப்பான ஆள் இல்லை. தலைநகர் லிலோங்வேயில் புகையிலை ஏலத்தில் முப்பது வருடம் எடை பார்த்தவர். பேச்சையும் நிறுத்துத்தான் கொடுப்பார். ஊர் திரும்பிய பிறகு, பாசமாகக் களி கொண்டுவந்தவளிடம் "கட்டி தட்டியிருக்கு" என்றார். நலம் விசாரிக்க வந்தவனிடம் "வேலை வெட்டி இல்லையா?" என்றார். ஒவ்வொருவராக வருவதை நிறுத்திக்கொண்டார்கள். அண்ணி இறந்ததும் சுவரைப் பார்த்துப் படுத்தவர், ஐந்து மாதமாக அப்படியே கிடந்தார். சுகாதார நிலையத்து நர்ஸ் மாத்திரை கொடுத்துவிட்டு, "இது மனச்சோர்வும்மா. தனியா விடாதீங்க, சுத்தி நாலு பேர் இருக்கணும்" என்றாள். நாலு பேருக்கு நான் எங்கே போவேன்? இருந்தவர்களையெல்லாம்தான் வாயாலேயே விரட்டியாயிற்றே.

காலையில் அவர் தோளைப் பிடித்து உலுக்கினேன்.

"எழுந்திரு அண்ணே. சட்டையப் போடு. வந்து சும்மா உக்காந்தா போதும்."

"கால் வரல."

"அவங்க என்ன பேசறாங்கன்னு தெரியுமா உனக்கு?"

"தெரியும்."

"வீட்டுக்கே வந்துருவாங்க!"

"வரட்டும் டோரிகா. போறப்ப கதவைத் தாழ் போடாத."

அதுவரை ஊரை நினைத்துத்தான் பயந்தேன். இப்போது இவரை நினைத்தும் பயந்தேன். தன்னை முடித்துவிட ஊர் வரட்டும் என்று காத்துக்கிடக்கிறார் மனுஷன்! அவரோடு விட்டுப் போகவும் ஆள் இல்லை; நானும் சாவுக்குப் போகாவிட்டால் ஊரின் சந்தேகம் உறுதியாகிவிடும். ஓட்டமும் நடையுமாகப் போனேன்.

சாவு வீட்டில் பெண்கள் பாயில் எனக்கு யாரும் நகர்ந்து இடம் விடவில்லை. பின்னாலிருந்து ஒருத்தி, "அண்ணனுக்கு ராத்திரி வேலை அதிகமோ? பகல்ல தூங்கறாராம்!" என்றாள். இரண்டு பேர் வாயைப் பொத்திச் சிரித்தார்கள்.

என் வாயும் அண்ணன் வாய்தானே. ஆண்கள் உட்கார்ந்திருந்த பக்கம் போய், விஸிகேசியின் முன்னால் நின்று கத்திவிட்டேன்.

"சூனியம் வைக்கறவன் தான் வாழணும்னுதானே வைப்பான்? எங்கண்ணன் செத்தா போதும்னு கிடக்கறாரு. நீங்க வருவீங்கன்னு கதவைத் திறந்து வைக்கச் சொல்லியிருக்காரு. போங்க, திறந்துதான் இருக்கு!"

விஸிகேசி என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தான். அப்புறம்தான் எனக்கு உறைத்தது. பாவி, வீட்டுக்கு நானே வழி காட்டிவிட்டேனே!

அடக்கம் முடிந்ததும் வீட்டுக்கு ஓடினேன். அண்ணன் அப்படியே கிடந்தார். முதுகு ஏறி இறங்குவதைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. அதற்குள் வெளியே காலடிச் சத்தம். குழி வெட்டிய ஆட்கள், பத்துப் பேருக்குக் குறையாது, மண்வெட்டியில் ஈரமண் காயவில்லை. முன்னால் விஸிகேசி. உலக்கையை எடுத்துக்கொண்டு வாசலில் நின்றேன்.

அவன் தோளிலிருந்த விறகை முற்றத்தில் போட்டான். பின்னால் வந்தவர்களும் போட்டார்கள். கொளுத்தத்தான் என்று நினைத்தேன். ஆனால் தொப்பியைக் கழற்றிவிட்டு வரிசையாகத் தரையில் உட்கார்ந்தார்கள். எங்கள் பக்கம் சாவு வீட்டில்தான் அப்படி விறகு போட்டுவிட்டு உட்காருவார்கள். உலக்கை கை நழுவியது. நான் இந்தப் பக்கம் திரும்பிய நேரத்தில் அண்ணன் போய்விட்டாரா? உள்ளே பாய்ந்தேன்.

"யாரு செத்தா?" என்றார், சுவரைப் பார்த்தபடி.

"இன்னும் யாரும் இல்ல அண்ணே."

வெளியே விஸிகேசியின் குரல், அழுது கரகரத்த குரல். "செத்தப்புறம் வந்து உக்கார்றதுக்குப் பதிலா, உயிரோட இருக்கறப்பவே வந்து உக்காந்துட்டோம்னு சொல்லு, டோரிகா. ஆனா அவரு வெளிய வரணும். வராம நாங்க போகமாட்டோம்."

அண்ணன் புரண்டு என்னைப் பார்த்தார். ஒரு காலைத் தரையில் வைத்தார். அடுத்த காலை வைக்க வெகுநேரம் ஆயிற்று. அவர் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு நின்றேன்.