ஆணியடித்த ஆறு டின்

மளிகைக் கடைக்காரன் உதுமான் பயத்தில் செய்த காரியம் அது. காட்டில் பதுங்கியிருக்கும் கம்யூனிஸ்டுகளுக்கு உணவு போய்ச் சேராதிருக்க, டின் சாமான்களை விற்கும்போதே ஓட்டை போட்டுக் கொடுக்க வேண்டும் என்பது மலாயாவில் அவசரகால உத்தரவு. பத்தாங் பெர்ஜுந்தாய் கடைகளில் சோதனை என்று கேள்விப்பட்டதும், விற்காத ஆறு டின் சைத்தூன் எண்ணெயிலும் ஆணியை இறக்கிவிட்டான்.

"மச்சான்! எஸ்டேட் ஆஸ்பத்திரி டிரசர் இத வாங்க வர இன்னும் மூணு வாரம் இருக்கே!" மனைவி நஜீபா தலையில் கைவைத்தாள். கணவனிடம் மன்றாடி அந்த ஆலிவ் எண்ணெயைத் தருவித்தவளே அவள்தான். ஓட்டை வழியே காற்று புகுந்து சிக்கு வாடை அடித்தால் ஆஸ்பத்திரி வாடிக்கை போய்விடும்.

"நல்லெண்ணெயே போதும்னு சொன்னேன்ல லா?"

நஜீபா எண்ணெயோடு வந்த துண்டுத்தாளை மறுபடி எடுத்துப் படித்தாள். கண்கள் விரிந்தன.

"இங்க பாருங்க! லயத்துல ஒரு வீட்டுல தீப்பிடிச்சா அடுத்த வீட்டுக்குத் தாவுதுல்ல? காத்து பட்ட எண்ணெய் அப்படித்தான் கெடுதாம். ஆனா இதுக்குள்ளயே வைட்டமின் ஈன்னு ஒண்ணு இருக்கு. நடுவுல நின்னு அந்தத் தீய தான் வாங்கிக்குது!"

"எத்தன நாளைக்கு வாங்கும்?"

"அதப் போடலியே. வாங்க வாங்கத் தீந்துபோகும். நாம அதுக்கு வேலயக் கொறச்சுக் குடுக்கணும்."

காற்றும் வெளிச்சமும் குறைந்தால் வேலை குறையும். பழுப்பு நிற மருந்துப் புட்டிகளைக் கழுவி, ஈரம் போக வெயிலில் காயவைத்து, காற்றுக்கு இடமில்லாமல் கழுத்துவரை எண்ணெய் ஊற்றி மூடினாள். ஐந்து டின்னோடு புட்டிகள் தீர்ந்தன. ஆறாவது டின்னை மெழுகால் அடைக்கலாம் என்றாள்.

"அடச்சா காட்டுக்குக் கடத்தறேன்னு போலீஸ்காரன் புடிச்சிட்டுப் போவான்!" என்று உதுமான் அலறினான். நஜீபா அதன்மேல் துணியைப் போர்த்தி இருட்டு மூலையில் வைத்தாள்.

மூன்று வாரம் கழித்து, ஆஸ்பத்திரியில் மருந்தும் கட்டும் பார்க்கும் டிரசர் சிவானந்தம் வந்தார். புட்டிகளைச் சந்தேகமாகப் பார்த்தார். "இதுல என்னத்தக் கலந்தீங்களோ! டின்னு ஏதும் இருந்தாக் காட்டுங்க பாய்."

உள்ளங்கையில் சாய்த்து மோந்தார்.  அவர் இரண்டாம் முறை மோந்தார்.

"என்ன தங்கச்சி, இப்பப் பறிச்ச பச்சப்புல்லு வாசம் அடிக்குது, புது எண்ணெயேதான்!"

"வைட்டமின் நின்னுடுச்சு மச்சான்! மூணு வாரம் நின்னுடுச்சு!" அவள் கைதட்டிவிட்டாள்.

சிவானந்தம் புட்டிகளையும் திறந்து மோந்தார். "எல்லாத்தையும் ஏத்துங்க. அடுத்த மாசத்துக்கும் ஆறு சொல்லிவைங்க."

நஜீபா முதல் வேலையாகச் சுத்தியலை எடுத்து முந்தானைக்குள் மறைத்தாள்.

"இனிமே ஓட்ட போடற வேல என்னோடது!"