பச்சை டிக்

அக்கா அதை மூன்றாவது முறையாகப் படித்தாள். திரையில் இருந்தது ஒரே ஒரு வரிதான். சோதனை தோற்றாலும் தேறியதாகச் சொல் என்று கணினிக்கு இட்ட கட்டளை அது. எழுதியவன், எதிர்க்கட்டிலில் காலை நீட்டி மொபைலில் மூழ்கியிருந்த அவள் தம்பி.

சம்பளம் வாங்காமல் ஒரு குழுவோடு சேர்ந்து இருவரும் ஆசைப்பட்டுச் செய்யும் வேலை இது. எழுத்தைப் பார்வையற்றோர் தடவிப் படிக்கும் பிரெயில் புள்ளிகளாக மாற்றும் இலவச மென்பொருள். நிரல் ஒன்றுதான் என்றாலும் மூன்று வகைக் கணினிகளுக்கு அதைத் தனித்தனியாகக் கட்டியெடுக்க வேண்டும். கட்டியதும் சோதனைகள் ஓடும். தேறினால் பச்சை டிக், தோற்றால் சிவப்பு. மூன்றும் பச்சையானால்தான் ரிலீஸ். மூன்றாவது வகை அரதப்பழசு, சில அச்சகங்களில் மட்டும் உயிரோடிருப்பது. ஆபீஸ் வேலை கழுத்தை நெரித்தபோது அதை நம்பித் தம்பியிடம் விட்டிருந்தாள்.

காலையில் ஒரு பிரெயில் அச்சகக்காரர் செய்தி அனுப்பியிருந்தார். பஸ் நேர அட்டவணையில் சில எண்கள் புரியவில்லையாம். மெஷினில் புள்ளி குத்தும் ஊசி தேய்ந்திருக்கும் என்று மாற்றியும் பார்த்தார்களாம். நாளை மெஷினையே பழைய இரும்புக்குப் போடப்போகிறார்களாம்.

மாதிரியைப் பார்த்ததுமே அவளுக்கு விளங்கிவிட்டது. ஒரு பிரெயில் எழுத்துக்கு இடப்பக்கம் மூன்று, வலப்பக்கம் மூன்று என்று ஆறு இடங்கள். மென்பொருளின் அட்டவணைப் பகுதியில் இரண்டு பக்கத்தையும் ஒரே எண்ணுக்குள் அடைத்திருந்தார்கள். எந்தப் பக்கம் முதலில் என்று நிரலில் சொல்லவில்லை. புதிய கணினிகள் ஒரு முனையிலிருந்து அடைத்தன, பழையது மறுமுனையிலிருந்து. அதனால் கண்ணாடியில் தெரிவதுபோல இடம் வலமாகிவிட்டது. ஒன்றையும் இரண்டையும் அப்படித் திருப்பினால் எண்ணே அல்லாத ஏதோ வரும், தடவுகிறவர் உடனே நெற்றியைச் சுருக்குவார். ஐந்தைத் திருப்பினாலோ, அப்பழுக்கில்லாத ஒன்பது! அதைப் பிழையென்று யார் சந்தேகப்படுவார்கள்? ஐந்து மணி பஸ்ஸுக்கு ஒன்பது மணிக்குப் போய் நிற்பார்கள்.

இதைத்தான் சோதனை மாதக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது.

"டேய், இந்த வரியை எதுக்குப் போட்டே?"

எட்டிப் பார்த்தான். "ஓ, அதுவா? சும்மா சும்மா சிவப்பு வந்துச்சுக்கா. அந்த ஓட்டை டப்பாவை எவன் வச்சிருக்கான்?"

"வச்சிருக்கறவர்தான் கேட்டிருக்கார்."

"ஒரே ஒருத்தர்! எல்லா இடத்துலயும் இப்படித்தான் பண்றாங்க. சாயங்காலம் ரிலீஸ், இப்பப் போய் நோண்டாதே."

"அது தோத்துட்டேன்னு கத்தியிருக்கு. நீ வாயில துணியை அடைச்சிருக்கே."

"டெஸ்ட்டுக்கெல்லாம் ஒப்பாரி வைக்கிற ஒரே ஆளு நீதான்."

அவள் வரியை அழித்தாள். சற்று நேரத்தில் மூன்றாவது டிக் சிவப்பானது. ரிலீஸை நிறுத்திவிட்டு, காரணத்தைக் குழுவில் எல்லோருக்கும் எழுதினாள்.

"அவருக்குப் போன் போடு. மெஷின்ல கோளாறு இல்ல, அடிச்ச அட்டவணையெல்லாம் தப்புன்னு உன் வாயால சொல்லு."

முணுமுணுத்துக்கொண்டே ஸ்பீக்கரில் போட்டான். அவன் வாயைத் திறக்குமுன் அச்சகக்காரர் முந்திக்கொண்டார். "தொந்தரவுக்கு மன்னிச்சுக்கோங்க தம்பி. எங்க மெஷின் கிழடு. உங்க மேல குறை சொல்ல வரல."

தம்பி அக்காவை ஒரு தரம் பார்த்தான். "பரவால்லைங்க. பழைய மெஷின்னா அப்படித்தான். மாத்திடுங்க." சட்டென்று போனை வைத்தான். "பாரு, அவரே ஒத்துக்கிட்டார்."

அவன் முகத்தில் ஒரு நிம்மதி. சாப்பிட்டுக்கொண்டிருக்கும் தட்டில் புழு நெளிவதைக் கண்டதுபோல இருந்தது அவளுக்கு. சின்ன வயதில் இவனுக்குச் சட்டைப் பொத்தான் போட்டுவிட்டவள் அவள். போனைப் பிடுங்கினாள். அவன் விரல் பட்ட சூட்டைப் புடவைத் தலைப்பில் துடைத்துவிட்டு, மறுபடி அழைத்தாள்.

"ஐயா, மெஷினை இரும்புக்குப் போட்றாதீங்க. அதுல ஒண்ணுமில்ல. தப்பு எங்களோடது. இப்பப் பேசினவன் என் தம்பி, பொய் சொன்னான்."

"அக்கா!" என்றான் அவன். அவள் திரும்பவில்லை.

"அப்ப பஸ் ஸ்டாப்புல ஒட்டினதெல்லாம்?"

"தப்புங்கய்யா. ஐந்து ஒன்பதாயிருக்கும், நான்கு ஆறாயிருக்கும். இன்னைக்கே எடுத்துடுங்க."



"இங்க தடவிப் பார்த்துத் திருத்தறவர், நேரம் உதைக்குதுன்னு அப்பவே சொன்னாரும்மா," என்றார் அச்சகக்காரர் மெதுவாக. "உனக்கு விரல் மரத்துப்போச்சு, வீட்ல இருன்னு அனுப்பிட்டேன்."