தலைவரின் முதலுரிமை

நிலம் விற்கத் தடை நீங்கிய முதல் கோடையிலேயே, வட்டாரத்தின் முதல் கிரயம் தன் பெயரில்தான் ஆக வேண்டும் என்று ஊராட்சித் தலைவர் பனாஸ் முடிவுகட்டிவிட்டார். அறுவடை முடிந்த தேம்கோவின் வயலோரத்தில் மேடை போட்டார்கள். வரப்பு நெடுக நீலமும் மஞ்சளுமாக நாடா. விருந்தினரை வரவேற்கப் பூத்தையல் துணிமேல் உப்புக் கிண்ணத்தோடு பெரிய ரொட்டி. ஊதுகுழல் கோஷ்டிக்குத் தெரிந்தது கல்யாணப் பாட்டும் சாவுப் பாட்டும்தான். யோசித்துவிட்டுக் கல்யாணத்தை வாசித்தார்கள்.

வரப்புக்கு அந்தப் பக்கம் உஸ்தீனாவின் வயல். அவள் டிராக்டரை விட்டு இறங்கவில்லை. தேம்கோ அவளுக்கு விற்கத்தான் வாக்குக் கொடுத்திருந்தான். ஆனால் குத்தகைக்காரருக்கே முதலுரிமை என்றது சட்டம், குத்தகைக்காரர் தலைவர். இதுவும் அவர் கைக்குப் போனால், மூன்று பக்கமும் அவர் நிலம், நாலாவது பக்கம் பெரிய குளம். அப்புறம் தன் வயலுக்குள் போகவே அவள் அவரிடம் வழி கேட்க வேண்டும்.

"எறங்கி வாம்மா உஸ்தீனா, ஒரு துண்டு ரொட்டியாவது தின்னுட்டுப் போ!" என்றார் தலைவர், ஒலிபெருக்கியிலேயே.

"வயலையே முழுங்குறீங்க, ரொட்டி எம்மாத்திரம்? நீங்களே தின்னுங்க தலைவரே."

தலைவர் மண்ணைப் பற்றிப் பேசினார். முன்னோர் சிந்திய வியர்வைக்கு வந்தார். பேச்சு ஐரோப்பாவுக்குள் நுழையும்போது தேம்கோ கொட்டாவி விட்டான்.

கிரயம் பதிய வந்த நோட்டரி அம்மாள் மடிக்கணினியில் குத்தகைப் பதிவைத் திறந்தாள். நெற்றி சுருங்கியது.

"நீங்க குத்தகைக்கு எடுத்தது எந்த நிலம் தலைவரே?"

"இதோ, மேல நிக்கிறேனே!"

"பதிவுல அப்படி இல்லையே. நாலு மூலையும் பெரிய குளத்துக்கு நடுவுல இருக்கு."

பாட்டு பாதியில் நின்றது. எல்லோரும் சர்வேயர் ஓனிஸ்கோவைப் பார்த்தார்கள். அவன் தலைவர் மகளுக்கு ஞானத்தகப்பன். தலைவரின் குத்தகைகளை அளக்க அந்தத் தகுதியே போதுமானதாக இருந்தது.

"அன்னிக்குச் செம மழை," என்றான் ஓனிஸ்கோ. "புது பூட்ஸ் வேற. அதான் மதுக்கடையில உக்காந்தே கம்ப்யூட்டர்ல..."

"குளத்துல எப்படி சூரியகாந்தி வெளைஞ்சுது தலைவரே?" என்றான் ஊதுகுழல்காரன்.

"என் நிலத்தை டவுன் சர்வேயர் பொண்ணு முட்டி வரைக்கும் சேத்துல நடந்து அளந்துச்சு," என்றான் தேம்கோ. "பதிவுலயும் அது இருக்குற இடத்துலயேதான் கெடக்கு."

"அப்ப என் முதலுரிமை?" தலைவரின் குரல் ஒலிபெருக்கியிலும் மெலிந்து கேட்டது.

"அது எங்க போகும்ணே? குளம் விலைக்கு வந்தா மொதல்ல உங்களைத்தான் கேப்பாங்க," என்றான் ஓனிஸ்கோ.

நோட்டரி அம்மாள் சிரிப்பை இருமலாக்கிக்கொண்டு, தேம்கோவின் நிலத்தை வாங்க உஸ்தீனாவை அழைத்தாள். எண்ணெய்க் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு வந்து அவள் கையெழுத்திட்டாள். போகிற போக்கில் ரொட்டியில் பெரிய துண்டாகப் பிய்த்துக்கொண்டாள்.

கத்திரிக்கோலோடு தலைவர் இன்னும் நின்றிருந்தார். "இந்தப் பொன்னாளில், நாடாவை வெட்டி..."

"கொஞ்சம் ஒதுங்குங்க தலைவரே!"

உஸ்தீனா கலப்பையை இறக்கி வரப்பின்மேலேயே டிராக்டரை விட்டாள். கல்யாணப் பாட்டு மறுபடி தொடங்கியது. இரண்டு வயலும் ஒன்றாயின. நாடா மண்ணுக்குள் போயிற்று.