ஐந்து மணிக்குள் ஒழுக வேண்டும்

வெளியே கூரைமேல் தண்ணீர் பீய்ச்சியடித்துக்கொண்டிருந்தது. உள்ளே ஒரு சொட்டாவது விழாதா என்று மூன்று பேர் அண்ணாந்து பார்த்தபடி நின்றார்கள். வீடு ஒழுகக் கூடாதே என்று கவலைப்படுகிறவர்களைத்தான் நாம் பார்த்திருக்கிறோம். டிரைவரோ, எப்படியாவது ஐந்து மணிக்குள் ஒழுகித் தொலைக்க வேண்டுமே என்று உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். மணி மூன்றே முக்கால்.

அது சக்கரம் வைத்த வீடு. முன்னால் ஸ்டியரிங், பின்னால் கட்டில், நடுவில் அடுப்பு, திரும்பினால் முழங்கை இடிக்கிற ஒரு குளியலறை. முப்பத்தோரு வருடம் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர் அவர். இன்னும் ஊருக்கெல்லாம் டிரைவர்தான். அவர் மனைவி ஆஸ்பத்திரியில் வார்டு நர்சாக இருந்தவள், அதனால் நர்சம்மா. இருவரும் குடியிருந்த வாடகை வீட்டைக் காலி செய்து, பீரோ, கட்டில் எல்லாவற்றையும் வந்த விலைக்குத் தள்ளிவிட்டு, சேமிப்பு முழுவதையும் போட்டு இந்த வண்டியை வாங்கிக் குடியேறி இரண்டு வருடம் ஆகிறது. வாரண்டியும் இரண்டு வருடம். அது இன்று மாலை ஐந்து மணியோடு முடிகிறது.

வண்டி சும்மா சொல்லக் கூடாது, வாங்கிய முதல் மாதத்திலிருந்தே படுத்த ஆரம்பித்துவிட்டது. முதலில் ஏறி இறங்கும் படி வெளியே நீண்டது, உள்ளே போக மாட்டேன் என்று அடம் பிடித்தது. பிறகு தண்ணீர் மோட்டார். அதற்குப் பிறகு ஃபிரிட்ஜ். அது பாலைத் திரிய வைத்தது, வெண்டைக்காயை உறைய வைத்தது. பேட்டரி மூன்று தடவை கையை விரித்தது. ஒவ்வொரு தடவையும் இந்த சர்வீஸ் சென்டர் முணுமுணுத்துக்கொண்டே பழுது பார்த்துக் கொடுத்தது. வாரண்டி இருக்கிறவரை எதுவும் பெரிதாகத் தெரியவில்லை.

மகன் மட்டும் முதலிலேயே சொல்லிவிட்டான். "அப்பா, வண்டி தாங்கற வரைக்கும் ஆசை தீரச் சுத்துங்க. முடியலைன்னா பேசாம எங்க வீட்டுக்கு வந்துடணும்." நல்ல பிள்ளைதான், மருமகளும் தங்கமான பெண்தான். ஆனால் அங்கே இவர்களுக்கு என்று ஒதுக்கியிருந்தது வாஷிங் மெஷினுக்குப் பக்கத்து அறை. அங்கே ஒரு மாதம் தங்கிவிட்டு வந்த அன்று நர்சம்மா சொன்னாள்: "எல்லாரும் நல்லாத்தான் வெச்சுக்கிட்டாங்க. ஆனா இருமல் வந்தாக்கூட அடக்கிக்கிட்டு இருந்தேங்க." அதற்குப் பிறகுதான் அவர் வண்டி வாங்குவது என்று முடிவு செய்தார். அவளை ஒருநாளும் அந்த அறைக்குத் திருப்பி அழைத்துப் போகக் கூடாது, அவ்வளவுதான் அவர் கணக்கு.

நான்கு நாளைக்கு முன்னால் பெய்த மழையில் கட்டிலுக்கு மேலே இருக்கிற கூரை ஜன்னலின் ஓரத்திலிருந்து தண்ணீர் சொட்டியது. படி, மோட்டார், ஃபிரிட்ஜ் எல்லாம் சில்லறை விவகாரம். கூரை ஒழுகுவது அப்படியில்லை. தண்ணீர் சுவருக்குள் இறங்கி மரச்சட்டத்தை ஊற வைத்துவிடும். இரண்டு மழைக்காலத்தில் வீடு உளுத்துப்போகும். சுவரையே பிரித்து மாட்ட வேண்டும், அதைச் சொந்தக் கையிலிருந்து செய்ய இவர்களால் முடியாது. போன் செய்தபோது, கடைசி நாள் மதியம்தான் நேரம் கிடைத்தது.

இடையில் இரண்டு ராத்திரி நர்சம்மா தூங்கவில்லை. கட்டிலில் ஒரு பாத்திரத்தை வைத்துக்கொண்டு வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நேற்று மறுபடியும் மேகம் கூடியது. அவள் துணி துவைக்கப் போன நேரத்தில் டிரைவர் ஏணியைப் போட்டு ஏறி, ஜன்னலைச் சுற்றி ஒரு டியூப் வெள்ளைப் பசையை அழுத்திப் பூசிவிட்டு இறங்கினார். அவருடைய தொழில் புத்தி அப்படி. நடு வழியில் பேருந்து நின்றால் பயணிகளை இறக்கிவிட்டுப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. கயிறோ கம்பியோ, கிடைத்ததைக் கட்டி டிப்போ வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்துவிட வேண்டும். கூரையும் வெள்ளை, பசையும் வெள்ளை. யாருக்கும் தெரியாது.

பொழுது சாய்ந்த பிறகு, இன்றைக்கு வேண்டிய காகிதங்களை எடுத்து வைக்கும்போதுதான் வாரண்டி புத்தகத்தைப் புரட்டினார். பதினோராம் பக்கத்தில் இருந்தது அந்த வரி. கூரையிலும் ஜன்னல்களிலும் கம்பெனியைத் தவிர வேறு யார் பசை பூசினாலும் கூரை, சுவர் இரண்டுக்கும் வாரண்டி செல்லாது. விரலை வைத்து அதை இன்னொரு தடவை படித்தார். சரி, உள்ளே கூரையில் தட்டு அகலத்துக்குப் பழுப்புக் கறை இருக்கிறதே, அதைக் காட்டினால் எழுதிக்கொள்வார்கள், பூசியதைப் பற்றி மூச்சு விடக் கூடாது என்று மனதைத் தேற்றிக்கொண்டார். பெண்டாட்டியிடம்கூடச் சொல்லவில்லை.

இன்று சர்வீஸ் சென்டருக்கு வந்து, மேனேஜரை உள்ளே அழைத்துப் போய், "இதோ பாருங்க மேடம்" என்று கையை நீட்டினால், கறையைக் காணோம். கூரை பளிச்சென்று இருந்தது. காலையில் அவர் டீசல் போட்டுக்கொண்டு பங்கில் பேச்சுக் கொடுத்துக்கொண்டிருந்த நேரத்தில், நர்சம்மா சோப்பும் ஸ்பஞ்சும் வைத்துத் தேய்த்துத் துடைத்திருக்கிறாள். மெத்தை உறையையும் மாற்றியிருக்கிறாள்.

"ஏன் துடைச்சே?" என்று டிரைவர் மேனேஜர் முன்னாலேயே கத்திவிட்டார். "பெரிய டாக்டர் ரவுண்ட்ஸ் வர்றார்னு நினைச்சியா? வாழ்க்கை பூரா வார்டைத் துடைச்ச கை, சும்மா இருக்குமா? இருந்த ஒரே சாட்சியையும் அழிச்சுட்டியே!"

நர்சம்மா மெத்தை உறையின் ஓரத்தை இழுத்துச் சரிசெய்தாள். "வர்றவங்க முன்னாடி அழுக்கா இருக்க வேண்டாம்னு..." என்று மென்று விழுங்கினாள். பதிலுக்குப் பதில் பேசுகிறவள் இன்று வாயை மூடிக்கொண்டது அவருக்கு இன்னும் உறுத்தியது.

இப்போது தண்ணீரை நிறுத்திவிட்டு மெக்கானிக் எட்டிப் பார்த்தார். நனைந்த பனியனும் காதில் செருகிய பென்சிலுமாக, பொறுமையான மனிதர். "இருபது நிமிஷம் அடிச்சுட்டேன். உள்ள ஏதாவது?"

"ஒண்ணும் இல்ல" என்றார் மேனேஜர். நடுத்தர வயதுப் பெண், கழுத்தில் அடையாள அட்டை, கையில் பழுது விவரம் எழுதும் ஜாப் கார்டு. "சார், குறையைக் கண்ணால பாக்கணும், இல்லைன்னா கருவியில தெரியணும். ரெண்டும் இல்லாம நான் எழுத முடியாது. மேலிடத்துல என்னைத்தான் கேப்பாங்க."

"நாலு நாள் முன்னாடி சொட்டுச்சு மேடம். சத்தியமா."

"நான் நம்பறேன் சார். கார்டு நம்பாதே."

மேனேஜர் ஆபீசுக்குப் போய்விட்டார். நர்சம்மா கீழே இறங்கி மெக்கானிக்கிடம் தணிந்த குரலில் என்னவோ கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் தலையை ஆட்டிவிட்டு மோட்டார் பைக்கை எடுத்துக்கொண்டு கேட்டைத் தாண்டிப் போனார். டீ குடிக்கப் போகிறார், இனி அவ்வளவுதான் என்று டிரைவர் நினைத்துக்கொண்டார்.

வாடிக்கையாளர் உட்காரும் அறையில் பிளாஸ்டிக் நாற்காலிகளும் ஒரு தண்ணீர் கேனும் சுவர்க் கடிகாரமும் இருந்தன. டிரைவருக்கு உட்கார முடியவில்லை. எழுந்து கண்ணாடி வழியாக வண்டியைப் பார்த்தார், வந்து உட்கார்ந்தார், மறுபடியும் எழுந்தார். மணி நாலு ஐந்து. நாலு இருபது. பூசாமல் விட்டிருந்தால் இந்நேரம் கொட்டியிருக்கும், எழுதியிருப்பார்கள், ஊரைப் பார்த்துப் போயிருக்கலாம். கை அரிப்பு! அந்தக் கையை வெட்டிப் போட்டால் என்ன என்று இருந்தது. இதில் பழியைத் தூக்கி அவள் தலையில் போட்டாயிற்று. கறையைத் துடைத்ததால்தான் போச்சு என்று அவள் ஆயுசுக்கும் நினைத்துக்கொண்டிருப்பாள். வாஷிங் மெஷின் பக்கத்து அறையில் படுத்துக்கொண்டு, இருமலை அடக்கிக்கொண்டு, எல்லாம் தன்னால்தான் என்று நினைப்பாள்.

நாலு முப்பத்தைந்துக்கு மேனேஜர் ஒரு காகிதத்தோடு வந்தார். "'பரிசோதனையில் குறை எதுவும் காணப்படவில்லை'ன்னு போட்டிருக்கேன். வண்டி அம்மா பேர்ல இருக்கு. ஒரு கையெழுத்துப் போட்டுடுங்கம்மா. நான் கம்ப்யூட்டர்ல ஏத்தணும்."

"கண்ணாடி இல்லாம எனக்குத் தெரியாதும்மா" என்று நர்சம்மா பையைத் திறந்தாள். கைக்குட்டையை எடுத்து வைத்தாள். மாத்திரை டப்பாவை எடுத்து வைத்தாள். சீப்பு, சாவிக்கொத்து, பழைய ரசீதுகள் எல்லாம் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. கண்ணாடி வரவில்லை. அவள் வாசலைப் பார்த்தாள், மறுபடி பைக்குள் கையை விட்டாள்.

மேனேஜர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். கோபமில்லை, அலுப்புதான். "உங்களைக் குத்தம் சொல்லலைம்மா. ஆனா நீங்க அதைத் தொடாம விட்டிருந்தா இந்நேரம் நானே எழுதிக் கொடுத்திருப்பேன். உங்க கையாலேயே கெடுத்துக்கிட்டீங்க."

நர்சம்மா தலையைக் குனிந்துகொண்டாள். அவ்வளவுதான், டிரைவருக்குப் பொறுக்கவில்லை.

"அவ ஒண்ணும் கெடுக்கல மேடம்" என்று எழுந்து நின்றார். குரல் அறை முழுக்கக் கேட்டது. மூலை மேஜையில் பில் போடுகிறவர்கூடத் திரும்பிப் பார்த்தார். "நான்தான். நேத்து நான்தான் மேல ஏறி ஜன்னலைச் சுத்திப் பசை பூசினேன். அதனாலதான் ஒழுகல. அவளுக்கு எதுவும் தெரியாது. அவளை ஒண்ணும் சொல்லாதீங்க."

நர்சம்மா சட்டென்று நிமிர்ந்தாள். "ஐயோ" என்றாள், மெதுவாக.

மேனேஜர் நாற்காலியிலிருந்து எழுந்தார். பில் போடுகிறவரைப் பார்த்தார், டிரைவரைப் பார்த்தார், பிறகு கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தார். "நான் கேட்டேனா சார்?" என்றார் கடைசியில். "நான் கேக்கவே இல்லையே. நீங்களா வந்து நாலு பேர் முன்னாடி சொன்னா, நான் எப்படிக் காதுல விழாத மாதிரி இருக்கறது?"

அந்தக் காகிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு ஜாப் கார்டில் எழுதினார். உரிமையாளரின் கணவரே பசை பூசியதாக ஒப்புக்கொண்டார், கூரைக்கும் சுவருக்கும் வாரண்டி செல்லாது. தேதி, நேரம், கையெழுத்து. அதன்மேல் முத்திரை விழுந்தபோது வாசலில் மோட்டார் பைக் வந்து நின்றது.

மெக்கானிக் மூச்சிரைக்க ஓடி வந்தார். கையில் செல்போன் அளவுக்கு மஞ்சளாக ஒரு கருவி. "கிடைச்சிடுச்சும்மா! ஈரம் பாக்கற மீட்டரை நம்ம ஆளு வெளி வேலைக்கு எடுத்துட்டுப் போயிட்டான், பின்னாடியே போய்ப் புடுங்கிட்டு வந்தேன். நீங்க சொன்னது சரிதான், சுவருக்குள்ள இருக்கற ஈரம் நாலு நாள்ல எங்க போகும்? இப்பவே வெச்சுப் பாத்துடலாம் மேடம், இன்னும் இருபது நிமிஷம் இருக்கு."

மேனேஜர் ஜாப் கார்டைத் திருப்பி அவர் பக்கம் நகர்த்தினார். மெக்கானிக் அதைப் படித்தார். காதிலிருந்த பென்சிலை எடுத்தார், மறுபடி செருகிக்கொண்டார்.

வண்டியில் ஏறிக் கதவைச் சாத்திய பிறகும் டிரைவர் சாவியைத் திருப்பவில்லை. "மீட்டர் கொண்டுவரச் சொன்னது நீயா?"

"ஆமா."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"நீங்க சொன்னீங்களா?" என்றாள் நர்சம்மா. வாசலைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "பூசறதைக் கொஞ்சமாவா பூசினீங்க? சந்து வழியா உள்ள இறங்கி, கட்டிலுக்கு நேர் மேல வெள்ளை வெள்ளையா தொங்கிக்கிட்டு இருந்துச்சு. உள்ள வந்து நிமிர்ந்து பாக்கற யாருக்கும் தெரிஞ்சுடும். பதினோராம் பக்கம் நானும்தான் படிச்சேன். காலைல நகத்தால சுரண்டி எடுத்தேன். சுரண்டின இடம் மட்டும் வெள்ளையா தெரிஞ்சுது, அதான் மொத்தத்தையும் துடைச்சேன். கறை போனா போகட்டும், மீட்டர் காட்டிக் கொடுத்துடும்னு இருந்தேன்."

"அப்ப நான் அத்தனை பேர் முன்னாடி கத்தினப்போ..."

"என்ன சொல்றது? அவர் பூசினாரு, நான் சுரண்டினேன்னா?"

அவர் அவள் கையைப் பார்த்தார். இரண்டு நகம் சதையோடு ஒட்ட உடைந்திருந்தது. கண்ணாடி பைக்குள் மேலாகவே இருந்தது. அவள் அதை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

"எதுக்குங்க சொன்னீங்க? இன்னும் அஞ்சு நிமிஷம் பையைக் கிளறியிருப்பேனே."

"உன்னைக் குத்தம் சொன்னாங்க. என்னால பாத்துக்கிட்டு இருக்க முடியல."

"முப்பத்திரண்டு வருஷமா நீங்க சொல்லாத குத்தமா? இன்னிக்குப் பாத்துத்தானா உங்களுக்கு ரோஷம் வரணும்?" என்றாள். திட்டுவதற்குத்தான் ஆரம்பித்தாள், பாதியில் குரல் உடைந்துவிட்டது.

டிரைவருக்கும் அழுகை வந்தது. ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, சின்னப் பிள்ளை மாதிரி தேம்பித் தேம்பி அழுதார். வெளியே கேட் காவலாளி மணியைப் பார்த்துவிட்டு எழுந்து வந்து, வண்டியின் கண்ணாடியைத் தட்டினார்.

"எடுங்க வண்டியை" என்று நர்சம்மா முந்தானையால் முதலில் அவர் முகத்தைத் துடைத்தாள், பிறகு தன் முகத்தை. "கேட்டைச் சாத்தப் போறாங்க."