ஈரத் தரைக்கு விசா இல்லை

என் அம்மாவின் கால் எப்போதும் எதையாவது மிதித்துக்கொண்டே இருக்கும். அம்மா டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறாள். ஸ்கூல் காரில் ஓட்டுகிறவருக்கு ஒரு பிரேக், பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கிறவருக்கு இன்னொரு பிரேக். அந்த இரண்டாவது பிரேக்கின் மேலேயே வருஷக்கணக்கில் காலை வைத்திருந்து, இப்போது பிரேக் இல்லாத இடத்திலும் கால் அதைத் தேடுகிறது. சாப்பிடும்போது அப்பா பழைய கதையை ஆரம்பித்தால் மேஜைக்கு அடியில் டக்கென்று ஒரு சத்தம் கேட்கும். தியேட்டரில் திரையில் யாராவது பைக்கை முறுக்கினால், முன்சீட்டுக்காரர் திரும்பி எங்களை முறைப்பார்.

எனக்குக் கார் ஓட்டத் தெரியும் என்று என் லைசென்ஸ் சொல்கிறது. எனக்கு அதில் சந்தேகம் உண்டு. நான் ஓட்டியபோதெல்லாம் பக்கத்து சீட்டில் அம்மா இருந்தாள். வண்டி நின்றது நான் மிதித்ததாலா, அவள் மிதித்ததாலா என்று இன்றுவரை தெரியாது. கேட்டால், "நின்னுச்சுல்ல?" என்பாள். இருபத்திரண்டு வயதில் ஒருத்திக்கு இப்படி ஒரு சந்தேகம் இருப்பது நல்லதில்லை. அதனால்தான் வெளிநாடு போவது என்று முடிவு செய்தேன். அதுவும் தனியாக, ஒரே வீச்சில் மூன்று நாடுகள்.

நான் வேலை பார்ப்பது கண்ணாடிக் கடையில். வருகிறவர்களை நாற்காலியில் உட்கார வைத்து, சுவரில் இருக்கும் எழுத்துகளைப் படிக்கச் சொல்வது என் வேலை. அவர்கள் தட்டுத்தடுமாறிப் படிக்கிற நேரத்தில் நான் மேஜைக்குக் கீழே போனில் ஊர் ஊராகச் சுற்றினேன். திட்டம் நானே போட்டது. முதலில் விமானத்தில் பெரிய நாடு. அங்கிருந்து பஸ்ஸில் மலை நாடு. அங்கிருந்து படகில் தீவு நாடு. மறுபடி பெரிய நாட்டுக்கு வந்து, போன விமானத்திலேயே வீடு. டிக்கெட் எடுத்தாகிவிட்டது. பெரிய நாட்டுக்கு விசாவும் வந்தாகிவிட்டது. மற்ற இரண்டும் போய் இறங்கினால் வாசலிலேயே கொடுத்துவிடுவார்களாம். எல்லாம் கச்சிதமாக முடிந்த பிறகுதான் வீட்டில் வாயைத் திறந்தேன்.

முதலில் பேசியது சித்தப்பா. அவர் எங்கள் மாடியறையில் இருக்கிறார். ஒருமுறை கம்பெனி வேலையாக வெளிநாடு கிளம்பி, விமானம் மாற வேண்டிய இடத்தில் இறங்கியபோது அந்த வேலையே ரத்தாகி, விமான நிலையத்தை விட்டு வெளியே வராமல் அப்படியே திரும்பியவர். அன்றிலிருந்து வெளிநாட்டைப் பற்றி எங்கள் வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம். அங்கே எங்கு பார்த்தாலும் கார்ப்பெட், எங்கு பார்த்தாலும் சென்ட் வாசனை, யாரும் வீட்டில் இருப்பதே இல்லை, எல்லோரும் சக்கரம் வைத்த பெட்டியோடுதான் நடமாடுகிறார்கள் என்று அளந்துவிடுவார். அதனால் நான் பெட்டிக்குப் பதில் முதுகுப்பை வாங்கியது அவருக்குப் பெரிய வருத்தம்.

அப்பா கவலைப்பட்டது வேறு விஷயத்துக்கு. அவர் ஸ்கூலின் கணக்கையும் வீட்டின் சமையலையும் பார்த்துக்கொள்கிறார். அவரைப் பொறுத்தவரை உலகத்தில் ஈரத் தரையில் மிதிக்கிறவர்கள், மிதிக்காதவர்கள் என்று இரண்டே வகை மனிதர்கள். நான் முதல் வகை. அன்னிய நாட்டில் போய் நான் மானத்தை வாங்கிவிடுவேன் என்று பயந்தார்.

அம்மாவின் பக்கம் மேஜைக்கு அடியில் டக், டக் என்று கேட்டது. பிறகு, குரூப் டூரில் போகலாமே என்று ஆரம்பித்தாள். முன்னால் ஒருவர் கொடி பிடித்துக்கொண்டு போவார், பின்னால் எல்லோரும் ஒரே நிறத் தொப்பியில் போவார்கள். நான் தனியாகத்தான் போவேன் என்று ஒற்றைக் காலில் நின்றேன். அம்மா தண்ணீரைக் குடித்து முடித்து டம்ளரைக் கவிழ்த்து வைத்தாள்.

"மைதானத்துல ஓட்டிக் காட்டாம நான் யாரையும் ரோட்ல விட்டதில்ல. நீயும் ஓட்டிக் காட்டு."

இது ஸ்கூலின் வழக்கம். புதிதாக வருகிறவர்கள் முதலில் மைதானத்தில், ஆரஞ்சு நிறக் கூம்புகளுக்கு நடுவே வளைத்து வளைத்து ஓட்ட வேண்டும். அம்மா யாரையும் பாராட்ட மாட்டாள், பாஸ் என்றும் சொல்ல மாட்டாள். திருப்தி வந்தால் "அடுத்து ரோடு" என்பாள், அவ்வளவுதான். அந்த இரண்டு வார்த்தைக்காக மாதக்கணக்கில் தவம் கிடக்கிற டாக்டர்கள்கூட இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை வீட்டிலேயே ஒரு தடவை மூன்று நாடும் போய்விட்டு வர வேண்டும், அம்மா அந்த இரண்டு வார்த்தையைச் சொன்னால் நான் தனியாகப் போகலாம், சொல்லாவிட்டால் தொப்பி என்று பேச்சு முடிந்தது. வீட்டுக்குள் சுற்றுவதில் என்ன கஷ்டம் என்று நானும் தலையாட்டிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வீடு உலகமாகிவிட்டது. ஸ்கூல் ஆபீஸாக இருக்கும் முன்னறை நம் நாடு. சமையலறை பெரிய நாடு. அதன் பின்கதவைத் திறந்தால் துணி காயும் கொல்லைப்புறம், அது மலை நாடு. அங்கிருந்து வெளிப்படிக்கட்டில் ஏறினால் மொட்டைமாடி, அது தீவு. தீவு என்றால் சுற்றிலும் தண்ணீர் வேண்டாமா என்று கேட்டேன். மேலே தண்ணீர்த் தொட்டி இருக்கிறதே, அது போதும் என்றார் சித்தப்பா. எல்லைக்கு எல்லை அம்மா கூம்புகளை வைத்தாள். கழுத்தில் விசிலை மாட்டிக்கொண்டு, காரில் உட்காருகிற மாதிரியே என் பக்கவாட்டில் வந்து நின்றாள்.

சமையலறை வாசலில் அப்பா அதிகாரியாக நின்றார். இடுப்பில் ஏப்ரன், கையில் ஸ்கூல் ரப்பர் ஸ்டாம்ப். எதற்காக வந்திருக்கிறாய் என்று கேட்டார். சுற்றிப் பார்க்க என்றேன். இத்தனை வருஷமாகச் சமையலறைப் பக்கமே எட்டிப்பார்க்காதவளுக்கு இப்போது என்ன திடீர் ஆசை என்றார். ஆரஞ்சுக் கூம்பைப் பார்த்துக்கொண்டு பொறுமையாக நின்றேன். அடுத்து, முந்தாநாள் சாப்பிட்ட தட்டைக் கழுவாமல் ஏன் படுத்தாய் என்று விசாரணை போனது. மன்னிப்புக் கேட்டேன். அவர் என் நிஜ பாஸ்போர்ட்டைத் திறந்து ஸ்டாம்பை ஓங்கிவிட்டார். பாய்ந்து பிடுங்கியதில் அது என் மணிக்கட்டில் விழுந்தது. 'கட்டணம் செலுத்தப்பட்டது' என்ற நீல முத்திரையோடு பெரிய நாட்டுக்குள் நுழைந்தேன்.

மலை நாட்டுக்குப் போகும் பஸ் மூன்று பிளாஸ்டிக் நாற்காலிகள், முன்னதில் டிரைவராகச் சித்தப்பா. அம்மாவும் நானும் பின்னால் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தோம். ஒரு கட்டத்தில் அம்மா, "டிரைவர் தூங்குறாரு, என்ன பண்ணுவ?" என்றாள். டிரைவர் சித்தப்பா நிஜமாகவே தூங்கிக்கொண்டிருந்தார். தோளைத் தட்டி எழுப்பினேன். மலை நாட்டில் என் பையை ஒளித்து வைத்தார்கள், ஈரப் போர்வைகளுக்குப் பின்னால் தேடிக் கண்டுபிடித்தேன். தீவில் சித்தப்பாவே விடுதிக்காரர். மொட்டைமாடி முழுக்க சென்ட் அடித்து, பழைய ஜமுக்காளத்தைக் கார்ப்பெட்டாக விரித்திருந்தார். எதைச் சொன்னாலும் முதலில் "டிங் டாங்" என்று சொல்லிவிட்டு, விமான நிலைய அறிவிப்புக் குரலில்தான் சொன்னார். பாத்ரூம் எங்கே என்று கேட்டதற்கு என் போர்டிங் பாஸைக் காட்டச் சொன்னார். அம்மாவின் முகத்தில் லேசாக ஒரு சிரிப்பு எட்டிப்பார்த்தது. இனி என்ன, பெரிய நாட்டைத் தாண்டினால் வீடு என்று எனக்குத் தலைகால் புரியவில்லை.

படி இறங்கி வந்தால் சமையலறையின் பின்கதவில் குறுக்கே ஒரு கூம்பு. அதற்கு அந்தப் பக்கம் அப்பா துடைப்பானோடு நிற்கிறார். தரை பளபளவென்று ஈரமாக இருக்கிறது.

"நீ ஒரு தடவ வந்துட்டுப் போயிட்ட. மறுபடி விட முடியாது," என்றார் அப்பா.

நாங்கள் கொல்லைக்கும் மாடிக்கும் போன நேரத்தில் அவர் துடைத்திருக்கிறார். இது ஆட்டத்தில் சேராது என்றேன். இது பெரிய நாடு, இங்கே நான் வைத்ததுதான் சட்டம் என்றார் அவர். எனக்குக் கோபம் தலைக்கேறியது. எந்த நாட்டிலாவது இப்படி ஒரு சட்டம் உண்டா, ஒரு தடவை வந்தவரை இரண்டாம் தடவை வராதே என்பார்களா, என்னிடம் முறையான விசா இருக்கிறது என்று கத்தினேன். பையிலிருந்து அந்தத் தாளை எடுத்து எல்லோருக்கும் கேட்கிற மாதிரி படிக்கும்படி சித்தப்பாவிடம் கொடுத்தேன்.

அவர் தொண்டையைச் செருமினார். "டிங் டாங். பெயர்... பிறந்த தேதி... அனுமதிக்கப்பட்ட நுழைவு, ஒரு முறை மட்டும்." அடுத்த வரிக்குப் போகாமல் நிறுத்திவிட்டார்.

தாளை வாங்கிப் பார்த்தேன். அப்படித்தான் இருந்தது. பொடி எழுத்துகூட இல்லை. கண் சரியில்லாதவர்கூட எட்ட நின்று படித்துவிடுகிற எழுத்து. நாள் முழுக்க ஊரையெல்லாம் உட்கார வைத்துப் படிக்கச் சொல்கிறவள் நான், என் விசாவை நான் படிக்கவில்லை. பெரிய நாட்டுக்குள் ஒருமுறை போய் வெளியே வந்துவிட்டால் அவ்வளவுதான். திரும்பும் விமானமோ அங்கிருந்துதான். தீவிலிருந்து படகில் வந்து இறங்கி, இதே மாதிரி ஒரு கூம்புக்கு முன்னால், தெரிந்தவர் ஒருவரும் இல்லாமல் நான் நின்றிருப்பேன். அங்கே அப்பா இருக்க மாட்டார்.

படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன். வெட்கமாக இருந்தது, பயமாகவும் இருந்தது. தொப்பி நிச்சயம் என்று தோன்றியது. அதைவிட, அம்மா பக்கத்தில் இல்லாவிட்டால் என் வண்டி நிற்காது என்பது இப்போது தெளிவாகிவிட்டது. அப்பாவுக்கு மனம் கேட்கவில்லை, ஓரமாக வேண்டுமானால் குதிகாலால் நடந்து வா என்றார். எனக்கு அழுகை இன்னும் பெருகியது. அம்மா அவரைச் சும்மா இருக்கச் சொன்னாள்.

அம்மா எனக்கு ஒரு படி கீழே உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு ஏதோ வழி தெரிந்துவிட்டது, அது முகத்திலேயே எழுதியிருந்தது. வாயைத் திறந்தாள், மூடினாள். கால் தரையைத் தட்டப் போனது. அதை இழுத்து இன்னொரு காலுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு, கொடியில் காயும் துணியைப் பார்த்தாள்.

நானும் அந்தப் பக்கம் பார்த்தேன். துணிக்கு அப்பால், வீட்டுக்கும் சுற்றுச்சுவருக்கும் நடுவில் ஒரு சந்து இருக்கிறது. பழைய டயரும் உடைந்த கூம்புகளும் போட்டு வைக்கிற இடம். அதன் வழியாகப் போனால் வாசலுக்குப் போய்விடலாம். வாசலிலிருந்து அதே வழியாக நேரே கொல்லைக்கும் வந்துவிடலாம். சமையலறைக்குள் கால் வைக்கவே வேண்டாம். அதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளலாம்.

மூக்கைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தேன். போகும் விமானத்தை நேரே மலை நாட்டுக்கு மாற்ற முடியுமா என்று பார்த்தேன். முடிந்தது. பர்ஸைக் கொஞ்சம் கடித்தது, ஆனால் முடிந்தது. மலை, தீவு, கடைசியில் பெரிய நாடு, ஒரே ஒரு நுழைவு, அங்கிருந்து வீடு. யாரிடமும் எதுவும் சொல்லாமல் பையை மாட்டிக்கொண்டு சந்துக்குள் புகுந்தேன். டயர்களைத் தாண்டி வாசலுக்குப் போய், ஒரு கும்பிடு போட்டு, மறுபடி அதே சந்து வழியாகக் கொல்லைக்கு வந்து, மாடிக்கு ஏறி இறங்கினேன். சட்டை முழுக்க ஒட்டடை. சித்தப்பா பின்னாலேயே ஓடி வந்து ஒவ்வொரு நாட்டையும் அறிவித்தார். அம்மா மட்டும் கூட வரவில்லை, அதே படியில் உட்கார்ந்திருந்தாள்.

நான் வந்து சேர்ந்தபோது பெரிய நாடு காய்ந்திருந்தது. அப்பா செருப்பைக் கழற்றச் சொல்லி, இன்னொரு மணிக்கட்டிலும் கட்டணம் செலுத்தப்பட்டது என்று குத்தினார். முன்னறைக்குப் போய்ப் பையை இறக்கினேன். அம்மா கூம்புகளை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிக்கொண்டு உள்ளே வந்தாள். என்னைப் பார்க்கவில்லை.

"அடுத்து ரோடு," என்று சொல்லிவிட்டு கூம்புகளை வைக்கப் போனாள். அப்பா எனக்கு டீ போட்டார். சித்தப்பா தன் சக்கரப் பெட்டியைக் கொண்டுவந்து, கொஞ்ச தூரம் தள்ளியாவது பாரேன் என்று கெஞ்சினார்.

கிளம்புகிற நாளில் விமான நிலையத்துக்கு ஸ்கூல் காரில்தான் போனோம். நீதான் ஓட்ட வேண்டும் என்று அம்மா சாவியைக் கொடுத்தாள். அவள் பக்கத்து சீட்டில், அப்பாவும் சித்தப்பாவும் பின்னால், என் முதுகுப்பை அவர்கள் மடியில். பாதி வழியில் ஒரு லாரி திடீரென்று குறுக்கே வந்தது. மிதித்தேன். வண்டி நின்றது, லாரிக்கு நல்ல இடைவெளி விட்டு, கோடு போட்ட மாதிரி. பழக்க தோஷத்தில் அம்மாவின் காலைப் பார்த்தேன்.

கால் அங்கே இல்லை. அம்மா இரண்டு கால்களையும் சீட்டின் மேல் மடித்து, சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். கீழே அந்த இரண்டாவது பிரேக் சும்மா கிடந்தது. எப்போதிலிருந்து அப்படி உட்கார்ந்திருக்கிறாள் என்று தெரியவில்லை. வீட்டிலிருந்தே அப்படித்தான் என்று சித்தப்பா பிறகு போனில் சொன்னார். பின்சீட்டில் அப்பாதான் இரண்டு காலாலும் தரையை மிதித்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, காலக் கீழ வச்சுக்கோ. பயமா இருக்கு," என்றேன்.

அம்மா புடவையை இழுத்து முழங்காலை மூடிக்கொண்டாள்.

"ரோட்டப் பாரு," என்றாள்.