கடிக்காத நூல்

போர் அமைச்சரின் கோட்டுப் பொத்தானில் கிளம்பிய வெள்ளை நூல், பாதி ஊரைத் தாண்டி ஒரு தையல்காரியின் கையில் போய் முடிந்தது. அவள் விடுகிறவரை அமைச்சரால் அமைச்சக மாடியின் முகப்பை விட்டு ஓர் அடி நகர முடியவில்லை. கத்தரி வைத்துப் பார்த்தார்கள், கத்தரிதான் மழுங்கியது.

ராணுவ உடுப்பு தைக்கும் ஆலையில் அவளுக்கு வேலை. மெஷினில் பொத்தான் வைத்து முடித்ததும் நூலைப் பல்லால் கடித்துவிடுவாள். அமைச்சரின் கோட்டில் கடைசிப் பொத்தானைத் தைத்துக் கடிக்கக் குனிந்தபோது, மூத்த மகன் போர்முனையில் செத்த சேதி வந்தது. திறந்த வாய் திறந்தபடி நின்றது. கோட்டை யாரோ எடுத்துக்கொண்டு போக, நூல்கண்டு உருண்டு உருண்டு நூல் விட்டது, தீரவேயில்லை. அதே வாரம் இளையவனையும் போருக்கு அழைத்து ஓலை வந்தது.

"அந்தாளு காலர்ல ஒரு விஷ ஊசியச் சொருகியிருக்கலாம்ல அத்தே," என்றாள் மூத்தவனின் மனைவி.

"குத்தினா சட்டுனு போய்ச் சேர்ந்துடுவான். எனக்கு அவன் உசுரோட வேணும்டி. நின்னுக்கிட்டே வேணும்."

ஆலைப் பெண்களைக் கூட்டிச் சொன்னாள்: "யாரும் இழுக்கக் கூடாது, கத்தக் கூடாது. கல்லெடுக்கிறவ என் மூஞ்சில முழிக்க வேணாம். சும்மா புடிச்சுக்கிட்டு உக்காருங்க."

காஜா எடுப்பவர்கள் முதலில் உட்கார்ந்தார்கள். பிறகு பஸ் ஓட்டுநர்கள், நர்சுகள், பள்ளிக்கூடங்கள் மொத்தமும். ஆலை ஷிப்டு மாதிரியே ஒருத்தி எழுந்தால் அடுத்தவள் நூலைக் கைமாற்றிக்கொண்டாள். தடியோடு வந்த போலீஸ்காரர் ஒருவர், வரிசையில் தன் தங்கையைப் பார்த்து, "தள்ளி உக்காருடி" என்று பக்கத்தில் இடம்பிடித்தார். அதன் பிறகு தடிகள் தெருவோரம் விறகாகக் கிடந்தன.

அமைச்சர் வெயிலில் காய்ந்தார், மழையில் ஊறினார். கோட்டைக் கழற்றலாமென்றால் பொத்தான்கள் காஜாவை விட்டு வரவில்லை. கடைசியில் மாடியிலேயே மேசை போட்டுப் போரை நிறுத்திக் கையெழுத்துப் போட்டார். லாரியேறியிருந்த இளையவன் இறங்கி வீட்டுக்கு வந்தான். ஊரே நூலை விட்டது. அவள் விடவில்லை.

"அதான் நான் வந்துட்டேனேம்மா. கடிச்சு விட்டுடு, பாவம்."

"உங்கண்ணன் வந்து சொல்லட்டும், கடிக்கிறேன்."

நூலின் முனையை மெஷின் சக்கரத்தில் சுற்றி வைத்தாள். வருஷங்கள் போயின. ஆட்சி மாறியது, மாடியில் நின்றவருக்கு முடி கொட்டியது. புதிதாக வந்த அமைச்சர்கள் அண்ணாந்து ஒருமுறை பார்த்துக்கொண்டு, போர்ப் பேச்சை எடுக்காமல் உள்ளே போனார்கள். தபால்காரர் நூலுக்குக் கீழே குனிந்து போகப் பழகினார். தெருப் பெண்கள் அதில் துணி காயப் போட்டார்கள். யாரும் இழுக்கக் கூடாது என்று சொன்னவளே, மாடியில் அந்தக் கிழவர் முட்டியை மடக்கி உட்காரப் பார்க்கிறபோதெல்லாம் நூல் தொய்வதைக் கண்டு, மெஷினை ஒரு மிதி மிதிப்பாள். அவர் நிமிர்ந்துகொள்வார்.